உப்பளக் கரைப் பிள்ளைகளும் ஆங்கில எழுத்தும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த ஒரு சிறு கிராமத்தில், மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடஞ் சொல்லும் அன்பர் ஒருவரைக் காண நாம் சென்றிருந்தோம். அங்கே ஏழாம் வகுப்பில் வாசிக்கும் ஒரு சிறுமியின் ஆங்கில நோட்டுப் புத்தகம் நமது கைக்கு வந்தது. அதில் ஒரு வருஷத்திற்குள் அவள் பள்ளிக்கு எழுதிய ஐந்து விடுமுறைக் கடிதங்களின் நகல்கள் இருந்தன. எழுத்து முத்து முத்தாக இருந்தது. பிழையென்று சிவப்பு மையினால் சுழிப்பதற்கு ஓர் இடமும் இல்லை. ஐந்திலும் ஒரே வாசகந்தான்: ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ காய்ச்சலாயிருப்பதால் இரண்டு நாள் விடுமுறை வேண்டும் என்பது பொருள்.

பிள்ளைக்கு இத்தனை முறை காய்ச்சல் வந்ததாவென்று கவலையுடன் விசாரித்தோம். “இல்லை சார், ஒரு தடவைதான் காய்ச்சல்” என்றாள். மற்றைய மூன்று தடவை, தாயார் விடியுமுன் நான்கு மணிக்கே உப்பளத்திற்குப் புறப்பட்டுப் போய்விட்டாராம். இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. இன்னொரு தடவை மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாம். “பின் ஏனம்மா காய்ச்சலென்று எழுதினாய்?” என்றோம். “இங்கிலீஷில் எனக்குக் காய்ச்சல் மட்டுந்தான் எழுதத் தெரியும் சார்” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை நம்மால் எளிதில் மறக்க முடியவில்லை. பொய் சொல்லும் எண்ணம் அக்குழந்தைக்கு அணுவளவும் இல்லை. உண்மையைச் சொல்லுவதற்கு வேண்டிய பாஷையை நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவே. ஏழு வருஷம் ஆங்கிலம் கற்பித்த பின்னும், தன் வீட்டில் நடந்ததை நான்கு வாக்கியங்களில் எழுத ஒரு புத்திசாலிப் பிள்ளையால் முடியவில்லையென்றால், குற்றம் பிள்ளையினுடையதல்ல. இவ்விஷயத்தை நமது நேயர்களின் ஆலோசனைக்கு வைக்க விரும்புகிறோம்.

மரக்காணம் நேற்று முளைத்த ஊரன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. அந்நூலில் உப்பு வணிகராகிய உமணரும் வருகின்றனர். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் ஜில்லாவில், பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியை ஒட்டி, கழுவெளியின் பக்கலில் இவ்வுப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர் நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்ற வைத்து, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி, கடைசியில் படியும் உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கும் தொழில் இது. வெயில் ஏறுமுன் வேலையில் பாதியை முடித்தாக வேண்டும். ஆகையால் தொழிலாளர் இருட்டோடு புறப்படுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டாலோ பாத்திகள் நீரில் மூழ்கி, கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2021இல் தீர்மானித்தனர். இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

“தமிழ்ப் பத்திரிகையாகிய நீங்கள் ஆங்கிலத்திற்காக ஏன் வாதாட வேண்டும்?” என்று நமது அன்பர்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தாய்பாஷையே கல்விக்கும் ஆட்சிக்கும் வாய்க்கால் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. 1956இல் தமிழ் இந்நாட்டின் ஆட்சி மொழியாகச் சட்டமாயிற்று. எந்தத் தாலூகா ஆபீஸிலும் ஓர் உப்பளத் தொழிலாளி தமிழில் மனுக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆங்கிலம் தெரியாதென்பதற்காக எந்தக் குடிமகனும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆனால் நாம் வக்கீல் தொழிலில் கண்டதையும் மறைக்கலாகாது. அதே தொழிலாளியின் வழக்கு கீழ்க் கோர்ட்டில் தமிழில் நடந்து, அப்பீலாகிச் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகுமானால், அங்கே வாதமும் ஆங்கிலம், தீர்ப்பும் ஆங்கிலம். அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. கவர்னர், ஜனாதிபதியின் சம்மதத்துடன், மாகாண பாஷையை அனுமதிக்கலாமென்று அதே பிரிவில் ஒரு வழியும் இருக்கிறது. அவ்வழியே ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் ஹைகோர்ட்டுகளில் ஹிந்தி இடம் பெற்றது. தமிழுக்கு அவ்விடத்தைக் கேட்டு நமது சட்டசபை 2006இல் தீர்மானம் செய்தும் அது கைகூடவில்லை. அந்த உரிமைக்காக நாம் போராடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும் போராட்டம் முடியும் வரையில், தன் தகப்பனாரின் வழக்குத் தீர்ப்பை வாசித்துப் பொருள் சொல்ல ஒரு பிள்ளையாவது அக்குடும்பத்தில் வேண்டாமா?

மேற்படிப்பையும் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கி 2020இல் சட்டம் பிறந்தது. மறு வருஷம் என்ஜினீயரிங் முதலிய படிப்புகளுக்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது. இது பெரிய காரியம். நாம் மனமார வரவேற்றோம். ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளை வைத்தியக் கல்லூரியில் பரீட்சை எழுதுவது ஆங்கிலத்தில். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே நடக்க வேண்டிய பாதையில் விளக்கேற்றாமல் விடுவது அரைகுறை உபகாரமேயாகும். அன்றியும், 1968இல் தமிழும் ஆங்கிலமும் என்னும் இருமொழிக் கொள்கையை நாமே தேர்ந்துகொண்டோம். பட்டணத்துக் கனவான் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டாவது மொழி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. உப்பளத்துப் பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே கதி. அங்கேயும் கிடைக்காவிட்டால், இருமொழிக் கொள்கை அவளளவில் ஒரு மொழியும் ஒரு மனப்பாடமுமாக முடிந்துவிடும்.

வியாதியின் மூலம் எங்கே? நமது பள்ளிகளில் ஆங்கில எழுத்து என்பது தன் எண்ணத்தை எழுதுவதாக இல்லை. பிறர் எழுதியதை ஒப்பிப்பதாக இருக்கிறது. கடிதத்திற்கு ஒரு மாதிரி, கட்டுரைக்கு ஒரு மாதிரி, சுருக்கத்திற்கு ஒரு மாதிரி எனக் கடைகளில் ‘கைடு’ விற்கிறது. பத்தாம் வகுப்பில் 100க்கு 35 வாங்கினால் தேறுதல். அதற்கு மனப்பாடம் போதும். உபாத்தியாயரும் பெற்றோரும் மாணாக்கரும் அதனுடன் திருப்தியடைந்து விடுகின்றனர். தமிழ் எழுத்திலும் இவ்வியாதி இல்லாமலில்லை. தமிழில் விடுமுறைக் கடிதம் எழுதச் சொன்னாலும் நமது பிள்ளைகள் அநேகமாகக் ‘காய்ச்சல் காரணமாக’ என்றே தொடங்குகிறார்கள். ஆகவே இது ஆங்கிலத்தைப் பற்றிய கேள்வி மாத்திரமன்று; எழுத்து என்பதையே நாம் எப்படிக் கருதுகிறோம் என்னும் கேள்வி.

1835இல் மெக்காலே துரை தமது குறிப்பை எழுதிய நாள் முதல், இந்நாட்டில் ஆங்கிலம் பெரிதும் குமாஸ்தா வேலைக்கும் விண்ணப்பத்திற்கும் உரிய பாஷையாகப் பயிலப்பட்டது. ‘மிகத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்ளுவது’ என்னும் தோரணையில் எழுதும் பழக்கம் அப்போது வந்தது. துரைமார் போன பின்னும் அது போகவில்லை. நம்மிடம் மகஜர்களைத் திருத்தித் தரும்படி இளைஞர் சிலர் வருவதுண்டு. ஒரு சமயம் ஓர் இளைஞர் தம் தகப்பனாருக்காக ஓர் ஆபீஸுக்கு எழுதிய ஆங்கில மனுவைக் கொண்டு வந்தார். வணக்கமும் தாழ்மையும் அரைப் பக்கம். நன்றியும் கடமைப்பாடும் கால் பக்கம். எந்த மாதத்துக் கூலி, எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் கேட்டார் என்பவை மாத்திரம் எங்கும் இல்லை. அவற்றை வாயால் கேட்டோம். எல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தன. எழுத வேண்டியவை அவையே என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் ஆங்கிலக் கடிதம் இருக்கிறது. அதுவும் உப்பைப் பற்றியதே. 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தியடிகள் வைசிராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்லுகிறோம். வைசிராயின் மாதச் சம்பளம் ரூ.21,000, ஓர் இந்தியனின் சராசரி தின வருமானம் 2 அணாவுக்கும் குறைவு. இவ்விரண்டு கணக்குகளையும் அதில் அவர் எதிரெதிரே வைத்தார். உப்பு வரி ஏழையை எப்படி அழுத்துகிறதென்பதையும், பரிகாரம் இல்லாவிடில் எந்தத் தேதிக்குமேல் சட்டத்தை மீறப்போவதாக இருக்கிறார் என்பதையும் தெளிவாகத் தெரிவித்தார். ஆடம்பரம் இல்லை; கெஞ்சலும் இல்லை; வசையும் இல்லை. ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் ஆங்கிலேய வாலிபர் கையில் அது வைசிராய்க்குப் போயிற்று. வைசிராய் இசையவில்லை, தண்டி யாத்திரை தொடங்கியது. ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து புறப்பட்டு, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். அக்கடிதத்தில் இலக்கண வித்தை ஒன்றும் கிடையாது. சொல்லவேண்டியது இன்னதென்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. மனு எழுதக் கற்கும் மாணாக்கனுக்கு நாம் காட்டத் தகுந்த மாதிரி அதுவே.

இனி, பரிகாரத்தைப் பற்றி. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் மூடத்தனத்தால் வருவன அல்ல. பெரும்பாலும் தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்தில் ஏற்றுவதால் வருகின்றன. இதை உபாத்தியாயர் அறிந்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. தமிழில் ‘பெட்டியில்’, ‘சுவரில்’, ‘பள்ளியில்’ என்று ‘இல்’ ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ பெட்டிக்கு ‘இன்’, சுவருக்கு ‘ஆன்’, பள்ளிக்கு ‘அட்’. ‘வந்தேன்’ என்னும் சொல்லிலேயே வந்தவர் யாரென்பது அடங்கியிருப்பதால், தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்திலும் ‘ஐ’ என்பதை விட்டுவிடுகிறது. ‘அவள் ஆசிரியை’ என்றால் நமக்கு வாக்கியம் நிறைந்துவிடும். ஆங்கிலத்தில் நடுவே ‘இஸ்’ வேண்டும். ‘ஏ’, ‘தி’ என்னும் முன்னொட்டுகள் நமக்குக் கிடையா. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் நமது லிபியில் இல்லை. நாம் வினையைக் கடைசியில் வைப்போம். அவர்கள் நடுவில் வைப்பார்கள். ‘தம்பிக்கு இரண்டு வயது’ என்று நாம் சொல்லுவதை அவர்கள் ‘தம்பி இரண்டு வயதினனாக இருக்கிறான்’ என்ற கட்டில் சொல்லுவார்கள். எழுத்துக் கூட்டலோ கேட்கவே வேண்டாம்: இராத்திரிக்கும் ஒரு ‘நைட்’, குதிரை வீரனுக்கும் ஒரு ‘நைட்’, எழுதுவது வெவ்வேறு. இவ்வித்தியாசங்களை ஒவ்வொன்றாக, தமிழையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கின்றன. தமிழைத் தெரிந்துகொள்ளாமல் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க முடியாதென்பது இதனால் விளங்கும்.

ஆகையால் நமது முதல் யோசனை: பிள்ளை தன் சொந்த விஷயத்தை முதலில் தமிழில் எழுதட்டும், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். தினம் ஐந்து வாக்கியங்கள் போதும். இன்று வீட்டில் என்ன நடந்தது, பாத்தியில் எவ்வளவு உப்பு படிந்தது, கழுவெளியில் என்ன பறவை வந்தது என்பவையே பொருளாக இருக்கட்டும். இது புது வழியன்று. எலிஸபெத் ராணியாரின் இளமையில் அவருக்கு ஆசானாயிருந்த ரோஜர் ஆஸ்கம், 1570இல் வெளிவந்த தமது நூலில் இம்முறையையே விதித்தார். லத்தீனை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதுவது. சிறிது நேரஞ்சென்று அவ்வாங்கிலத்திலிருந்து மீண்டும் லத்தீன் ஆக்குவது. பின்பு மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆங்கிலேயர் தமக்கு அந்நியமான பாஷையைத் தங்கள் தாய்பாஷையின் துணையால் கற்றார்கள். நாம் மாத்திரம் தமிழை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்கப் பார்ப்பது என்ன புத்திசாலித்தனம்?

இரண்டாவது யோசனை சற்றுப் பெரிய மாணாக்கர்களுக்கு. அச்சுக்கூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த ஏழைச் சிறுவன் பெஞ்சமின் பிராங்க்ளின், ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் தொகுதி ஒன்றை வாங்கி, சில கட்டுரைகளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொற்களில் குறித்து வைத்துக்கொண்டான். சில நாட்கள் கழித்து, மூலத்தைப் பாராமல், குறிப்பை மாத்திரம் கொண்டு தன் சொற்களில் எழுதினான். பிறகு மூலத்தோடு ஒத்துப் பார்த்துத் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டான். இதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இதற்குக் காசு வேண்டாம். ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையும் ஒரு நோட்டும் போதும்.

மூன்றாவது, திருத்தும் முறை. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் இரண்டு மணி நேரமாகும். நான்கு வகுப்பு எடுக்கும் உபாத்தியாயர் தினம் எட்டு மணி நேரம் திருத்திக்கொண்டிருக்க முடியுமா? முடியாததைக் கேட்பது அநியாயம். அதனால்தான் அவர் மனப்பாடக் கடிதத்தை விரும்புகிறார்; அதில் திருத்த ஒன்றுமிராது. இதற்கு வழி, தினம் எட்டு நோட்டுகளை மாத்திரம் திருத்துவது. ஐந்து நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று முடிந்துவிடும். அதிலும் ஒரு வாரத்திற்கு ஒரே வகைப் பிழை. இந்த வாரம் ‘இஸ்’ விட்டுப்போனது. அடுத்த வாரம் பெரிய எழுத்து. அதற்கடுத்த வாரம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’. பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பினால் பிள்ளைக்குப் பயந்தான் மிஞ்சும். அடுத்த தடவை தெரிந்த காய்ச்சலுக்கே திரும்பிவிடும். திருத்தியதைப் பிள்ளை மறுபடி முழுதும் எழுதிக் காட்ட வேண்டும். மறுமுறை எழுதாத திருத்தம் மணலில் இறைத்த நீர்.

திருத்தப்படுவது அவமானமென்ற எண்ணமும் ஒழிய வேண்டும். காந்தியடிகள் தமது சத்திய சோதனையைக் குஜராத்தியில் எழுதினார். மகாதேவ தேசாய் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஆங்கிலப் புலமைக்குப் பேர்போன ஒரு நண்பர் அதைக் கவனமாகத் திருத்திக் கொடுத்ததாகவும், தம் பெயரை வெளியிடக் கூடாதென்று அவர் நிபந்தனை விதித்ததாகவும் முன்னுரையில் தேசாய் தெரிவித்தார். அந்நண்பர் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, திருவல்லிக்கேணிப் பள்ளியில் தலைமை உபாத்தியாயராயிருந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரே என்பது பின்னர் வெளியாயிற்று. மகாத்மாவின் நூலே தாய்பாஷையில் பிறந்து, நண்பர் கையால் பெயர்க்கப்பட்டு, மற்றொரு நண்பர் கையால் திருத்தம் பெற்றதென்றால், நமது உப்பளத்துச் சிறுமி தன் நோட்டைத் திருத்தக் கொடுப்பதில் என்ன வெட்கம்?

‘ஆங்கில வழி’ என்று பலகை மாட்டிவிட்டால் இதெல்லாம் தானே வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உளர். அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கில வழி வகுப்புகள் திறக்கப்பட்டன. பெற்றோரின் ஆசை நமக்குப் புரிகிறது. ஆனால் விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் புரியாத பாஷையில் உருப்போட வைப்பதால் அந்தப் பாஷை வந்துவிடுவதில்லை; விஞ்ஞானமும் போய்விடுகிறது. பாடங்களைத் தமிழில் நன்றாகக் கற்று, ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்பதே நேர்வழியென்பது நமது உறுதியான கொள்கை. ஆங்கில ‘ஹிந்து’வை 1878இல் நண்பர்களுடன் தொடங்கி, 1882இல் ‘சுதேசமித்திர’னையும் நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் பள்ளி உபாத்தியாயராக இருந்தவரே. மரக்காணத்திற்குத் தெற்கே புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை தங்கிய பாரதியார், தமிழை உயிராகக் கொண்டிருந்தும், சொல்லவேண்டிய சமயத்தில் ‘ஹிந்து’ பத்திரிகைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். இரண்டு கையாலும் எழுதத் தெரிந்தவர்களால்தான் இந்நாட்டின் குரல் வெளியே கேட்டது.

இத்தனையையும் யார் செய்வது? இதற்கும் மரக்காணமே ஒரு விடை தந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவினால் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. ஒன்றரை வருஷத்திற்கு மேல் பிள்ளைகள் எழுத்தை மறந்திருந்தனர். அந்த இழப்பை ஈடுசெய்வதற்காக ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை 2021 அக்டோபர் 27இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தது இந்த மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் ஐந்தாம் வகுப்பு வரையிலும், பட்டம் பெற்றவர் எட்டாம் வகுப்பு வரையிலும் கற்பிக்கலாம் என்பது அப்போதைய விதி. மாத ஊக்கத்தொகை ரூ.1,000 ஆக இருந்தது. ஆறு மாதத்திற்கென வகுக்கப்பட்ட இவ்வேற்பாடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. இதில் வந்தவர்களிற் பலர் அந்தந்தத் தெருவுப் பெண்கள். திண்ணையும் கோயில் மண்டபமும் பள்ளியாயின. இதன் குறைநிறைகளைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஓர் உண்மையை அது ஸ்தாபித்துவிட்டது: தெருவில் படித்தவர் ஒருவர் இருந்து, தினம் ஒரு மணி நேரம் கொடுக்க மனமிருந்தால், பிள்ளைகள் வந்து உட்காருகின்றன.

எனவே நமது ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுக்கூட்டம் நடத்துகிறோம், தீர்மானம் செய்கிறோம், துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஆங்கிலம் எழுதத் தெரிந்த நம்மவர் ஒருவர், வாரத்தில் இரண்டு மாலைகளைப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாதா? பத்து நோட்டுகள், ஒரு வாரத்திற்கு ஒரு வகைப் பிழை, பிள்ளையின் சொந்தச் செய்தி, முதலில் தமிழ், பின் ஆங்கிலம். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். நிதி வசூல் வேண்டாம். படிப்பகத்தின் மேசையும் ஒரு விளக்கும் போதும். பிழை திருத்தும் அளவுக்குத் தமக்கு ஆங்கிலம் வராதென்று கூசுபவர்கள், சொல்வதெழுதுதலும் பார்த்தெழுதுதலும் நடத்தலாம். பிள்ளைகளோடு சேர்ந்து தாமும் கற்கலாம்.

கடைசியாக, அந்தச் சிறுமியின் செய்தியை முடித்துவிடுகிறோம். அன்று மாலையே, தம்பிக்காகப் பள்ளிக்குப் போகாமல் நின்ற நாளைப் பற்றித் தமிழில் எழுதச் சொன்னோம். பத்து நிமிஷத்தில் நான்கு வாக்கியம் எழுதினாள், ஒன்றும் குறையில்லை. பிறகு நமது அன்பர் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றை ஆங்கிலமாக்க உதவினார். மூன்று தடவை அழித்து எழுதினாள். நான்காம் தடவை இப்படி வந்தது: ‘மை மதர் வென்ட் டு தி சால்ட் பான் அட் ஃபோர். மை பிரதர் இஸ் டூ இயர்ஸ் ஓல்ட். தேர் வாஸ் நோபடி அட் ஹோம். ஐ ஸ்டேட் வித் ஹிம்.’ அம்மா நான்கு மணிக்கு உப்பளத்திற்குப் போனாள். தம்பிக்கு இரண்டு வயது. வீட்டில் ஒருவரும் இல்லை. நான் அவனுடன் இருந்தேன்.

காய்ச்சல் என்று ஐந்து கடிதங்கள் வந்தால் தலைமை உபாத்தியாயர் அவற்றைக் கோப்பில் வைத்துவிடுவார். இப்படி ஐந்து கடிதங்கள் வெவ்வேறு பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதத்தில் வந்தால், உப்புக் காலத்தில் அவ்வூர்க் குழந்தைகள் காப்பகம் விடியுமுன் திறந்திருக்க வேண்டும் என்பது அவருக்கும், அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் தெரியவரும். தமிழில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் உண்மைக்கு உள்ள பலம் அது. அந்தப் பலத்தை இரண்டு பாஷைகளிலும் நமது பிள்ளைகளுக்கு உண்டாக்குவது நம் கடமை. அந்த நோட்டுப் புத்தகத்தை நாம் சிறுமியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதில் இன்னும் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன.